ஈர்க்குவாணத்திலிருந்து மாதிரி ரொக்கெட் வரை

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் வரலாற்றையே எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அதனை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்கு ஒரு சிறிய பொருளின் வரலாறுதான் கைவசம் உண்டு. அது ரொக்கெட். சந்திரனுக்குப் போகும் பெரிய ரொக்கெட் அல்ல. கடதாசிக் குழாய், மூன்று செட்டைகள், சிறு பரசூட் என்பவற்றை ஒட்டிப் பொருத்திப் பிள்ளைகள் பறக்கவிடும் மாதிரி ரொக்கெட். அது எங்கள் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு மிகவும் பிந்தியே வந்து சேர்ந்தது. வந்ததும் முழுதாக வரவில்லை. அந்தக் கதையைச் சொல்வதற்கு எங்கள் கோயில் வீதியில் இருந்து தொடங்கவேண்டும்.

எங்கள் வயதினர் முதன்முதல் கண்ட ரொக்கெட் ஈர்க்குவாணம். திருவிழா இரவில் சுவாமி வெளிவீதி வரும்போது வாணவிளையாட்டு நடக்கும். பூவாணமும் சக்கரவாணமும் நின்ற இடத்தில் எரிந்து முடிந்துவிடும். ஈர்க்குவாணம் மட்டும் "சர்" என்று கிழித்துக்கொண்டு பனைகளுக்கு மேலே போய் வெடிக்கும். போத்தலுக்குள் நிறுத்திக் கொளுத்துவது பெடியன்களின் வேலை. பெண்பிள்ளைகளுக்குக் கிடைத்தது "பின்னுக்குப் போய் நில்" என்ற ஒரு சொல்தான். ஆனால் மறுநாள் விடியப் பூப்பறிக்கப் போகும் எங்களுக்குத்தான் விழுந்து கிடந்த எரிந்த குழாய்கள் அகப்படும். நான் அவற்றைப் பிரித்துப் பார்ப்பேன். பல சுற்றுச் சுற்றி ஒட்டிய தடித்த கடதாசி, அடியில் இறுக்கிய களிமண், அதன் நடுவே சிறு துவாரம், பக்கத்தில் கட்டிய நீளமான குச்சி. இவ்வளவுதான். உள்ளே இருந்த வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் இரவே எரிந்து போயிருக்கும்.

அந்தக் குச்சி ஏன் அவ்வளவு நீளம் என்று அப்போது விளங்கவில்லை. பிற்காலத்தில் உயர்தர வகுப்பில் அதையே கேள்வியாகக் கேட்பேன். குச்சியை முறித்துவிட்டால் வாணம் மேலே போகாது. நிலத்திலே சுழன்று கூட்டத்துக்குள் பாயும். பறக்கும் பொருள் ஒன்றின் புவியீர்ப்பு மையம் முன்னாலும், காற்று அதனைத் தள்ளும் அமுக்க மையம் பின்னாலும் இருந்தால் மட்டுமே அது நேராகப் போகும். சற்றுச் சரிந்தாலும் காற்றே வாலைத் தள்ளி நிமிர்த்திவிடும். வாணத்துக்கு அந்த வால் ஈர்க்கு. மாதிரி ரொக்கெட்டுக்குச் செட்டை. எங்கள் வாணக்காரருக்கு இந்தச் சொற்கள் ஒன்றும் தெரியாது. ஆனால் எந்தக் குழாய்க்கு எவ்வளவு நீள ஈர்க்கு வேண்டும் என்பது கைக்குத் தெரியும்.

கடதாசிக் குழாய்க்குப் பதிலாக இரும்புக் குழாயைப் பயன்படுத்தியவர்கள் மைசூர் மன்னர் ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும். இரும்பு அதிக அமுக்கத்தைத் தாங்கும். ஆகவே மருந்தை இறுக்கி அடைக்கலாம், தூரமும் கூடும். 1780 செப்ரெம்பர் 10 இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கேணல் பெய்லியின் படை தோற்றபோது ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ரொக்கெட் பட்டே அவை வெடித்தன என்று கூறுவோர் உண்டு. 1799 மே 4 இல் ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டார். அங்கு கிடைத்த ரொக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. வூல்விச்சில் வில்லியம் கொங்கிறீவ் அவற்றை ஆராய்ந்து தமது ரொக்கெட்டைச் செய்தார். 1807 இல் கொப்பன்ஹேகன் நகரம் அதனால் எரிந்தது. 2018 இல் கர்நாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டத்தில் கோட்டைக் கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ரொக்கெட் குழாய்கள் அகப்பட்டன. பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தவை கோயில் வீதியில் பொறுக்கிய குழாய்கள்தான்.

அத்தகைய போர்க் காட்சியைத் தீட்டிய ஓவியம் ஒன்று அமெரிக்காவின் வொலொப்ஸ் தீவிலுள்ள நாசா ஏவுதளத்தின் வரவேற்புக் கூடத்தில் தொங்கியது. 1963 இல் பயிற்சிக்காக அங்கு போன இளம் பொறியியலாளர் ஒருவர் அதன்முன் நின்றார். அவர் எங்கள் தீவுப்பகுதிக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள இராமேஸ்வரத்திற் பிறந்த ஏ. பி. ஜே. அப்துல் கலாம். தம் நாட்டில் மறந்துபோன ஒன்றை அந்நிய நாட்டுச் சுவரில் கண்டதைத் தமது அக்னிச் சிறகுகள் நூலில் எழுதியிருக்கிறார். அவர் ஊர் திரும்பிய சிறிது காலத்தில், 1963 நவெம்பர் 21 மாலை, கேரளத்தின் தும்பாவிலிருந்து முதலாவது ரொக்கெட் ஏவப்பட்டது. மீனவக் கிராமத்துத் தேவாலயமே அவர்களுடைய வேலைத்தலம். ரொக்கெட்டை ஏவுமேடையில் வைக்கும் நேரத்தில் பாரந்தூக்கியில் ஒழுக்கு ஏற்பட, எல்லோருமாகச் சேர்ந்து கையாலே தூக்கி நிறுத்தினார்கள். அந்த நைக்கி அப்பாச்சி நாசா கொடுத்தது. நாலு ஆண்டுகளின் பின், 1967 நவெம்பர் 20 இல், தாங்களே செய்த 75 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரோகிணியை ஏவினார்கள். மாணவிகள் அறியவேண்டிய இன்னொரு செய்தியும் அந்த வொலொப்ஸ் தீவோடு சேர்ந்தது. இலங்கையின் முதலாவது ஆய்வுச் செய்மதியான இராவணா 1, 2019 ஏப்ரல் 17 இல் அங்கிருந்துதான் மேலே போனது. பக்கம் 10 சென்ரிமீற்றர் கொண்ட அந்தச் சிறு பெட்டியை யப்பானில் படித்துக்கொண்டே உருவாக்கிய இலங்கையர் இருவரில் ஒருவர் பெண், துலானி சாமிக்க.

இனி விளையாட்டு ரொக்கெட்டுக்கு வருவோம். 1957 ஒக்ரோபர் 4 இல் ஸ்புட்னிக் பறந்தவுடன் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ரொக்கெட் பைத்தியம் பிடித்தது. குசினியிலும் கராஜிலும் மருந்து கலந்து, இரும்புக் குழாயில் அடைத்து, கைவிரல்களையும் கண்களையும் இழந்த பிள்ளைகள் பலர். இதற்கு ஒரு வழியை ஏற்கெனவே கண்டிருந்தவர் நெப்ராஸ்கா மாநிலத்தில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல். வாணம் செய்வது அவருடைய பொழுதுபோக்கு. மாதிரி விமானம் செய்வது சகோதரருடையது. இரண்டும் சேர்ந்து 1954 இல் கடதாசி உடலும் பரசூட்டும் உள்ள ரொக்கெட் பிறந்தது. வைற் சான்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை செய்த ஹரி ஸ்ரைன் அதனைக் கண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். மோட்டாருக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர் தேடிப்போனது, டென்வர் நகரில் வாணத் தொழில் செய்துவந்த குடும்பத்து வெர்ன் எஸ்டஸ் என்ற இளைஞரை. எஸ்டஸ் 1959 இல் ஓர் இயந்திரத்தைச் செய்து அதற்கு மேபல் என்று பெண்பெயர் வைத்தார். ஐந்தரைச் செக்கனுக்கு ஒரு மோட்டார் அதிலிருந்து விழுந்தது.

அந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால், அது எங்கள் ஈர்க்குவாணமேதான்! கடதாசிக் குழாய், களிமண் துவாரம், கரிமருந்து. மாறியது வேறு விஷயம். பிள்ளை மருந்தைத் தொடவேண்டியதில்லை. ஒவ்வொரு மோட்டாரும் மற்றதைப்போலவே எரியும். ஏ8-3 என்று எழுதியிருந்தால், ஏ என்பது மொத்தக் கணத்தாக்கின் வகுப்பு. ஒவ்வோர் எழுத்துக்கும் அது இரு மடங்காகும். எட்டு என்பது சராசரி உதைப்பு, நியூற்றனில். மூன்று என்பது எரிந்து முடிந்தபின் பரசூட்டைத் தள்ளும்வரை அது காத்திருக்கும் செக்கன்கள். ஐந்து மீற்றர் தள்ளி நின்று பற்றரியால் கொளுத்தவேண்டும். வாணம் போய் வெடிப்பதற்கென்றே போகும். மாதிரி ரொக்கெட் போவது திரும்பி வருவதற்கு. அடுத்த கிழமை புது மோட்டார் போட்டு அதே ரொக்கெட்டைப் பறக்கவிடலாம். 1966 இல் ஜேம்ஸ் பரோமனும் அவர் மனைவி ஜூடித் பரோமனும் செட்டையின் அளவிலிருந்து அமுக்க மையத்தைக் கணக்கிடும் வழியைப் பாடசாலைப் பிள்ளைக்கும் விளங்கும்படி எழுதிக் கொடுத்தார்கள். வாணக்காரரின் கை அறிந்தது கணக்காகிவிட்டது.

எங்களுக்கு இவை ஒன்றும் வரவில்லை. வெடிமருந்துள்ள எதையும் இங்கே சாதாரணமாகத் தருவிக்க முடியாது. பிறகு யுத்தம். 1990 இன் பின் ரோர்ச் பற்றரிகூடத் தடைப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். பற்றரி இல்லாமல் மின்சுற்றுப் படிப்பித்த அனுபவம் என் வயது ஆசிரியைகளுக்கு உண்டு. எங்கள் ஊர்க் கோயிலில் வாணம் நின்றுவிட்டது. ரொக்கெட் என்ற சொல்லை ஆய்வுகூடத்தில் சொல்லவே எனக்கு மனம் வராது. மூன்றாம் விதிக்கு உதாரணம் கேட்டால் ஊதிய பலூனைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். பிள்ளைகளுக்கோ அந்தப் பாடத்தை நான் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. புறப்படும் ஓசைக்கும் விழும் ஓசைக்கும் இடையில் எண்ணிப் பழகியவர்கள் அவர்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுப் போனபோது நான் தூக்கிக்கொண்டு போன பையில் வரவுப் பதிவேடு இருந்தது. ஏன் அதை எடுத்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின், கனடாவிலிருந்து வந்த பழைய மாணவி ஒருவர் ஆய்வுகூடத்துக்கு ஒரு மட்டைப்பெட்டி கொண்டுவந்து தந்தார். மாதிரி ரொக்கெட் பெட்டி. குழாய், பல்சா மரச் செட்டை, பிளாஸ்ரிக் மூக்கு, நூல் கோத்த பரசூட் எல்லாம் இருந்தன. மோட்டார் இல்லை, அதைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். உயர்தரப் பிள்ளைகள் மூன்று பின்னேரம் இருந்து ஒட்டினார்கள். பசை காயுமுன் செட்டையைத் தொட்டுக் கோணலாக்கி, பிரித்து மீண்டும் ஒட்டினார்கள். புவியீர்ப்பு மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேலே சுழற்றிப் பார்த்தபோது மூக்கு முன்னாகவே போனது. ரொக்கெட் தயார். பறக்கத்தான் வழியில்லை.

"ரீச்சர், தண்ணியாலை விடலாந்தானே?" என்று ஒருத்தி கேட்டாள். ஆசிய பசுபிக் நாடுகளின் விண்வெளி மன்றம் 2005 முதல் மாணவர்க்கு நீர் ரொக்கெட் போட்டி நடத்திவருவது எனக்கும் தெரியும். இங்கே செய்யலாம் என்று ஏனோ நினைத்திருக்கவில்லை. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இறுக்கிய அடைப்பு, அதனூடாகச் சைக்கிள் வால்வு, சைக்கிள் பம்பு. உள்ளே அடைபட்ட காற்று தண்ணீரைக் கீழே தள்ள, போத்தல் மேலே போகும். மட்டையில் செட்டை வெட்டினார்கள். பெட்டியில் வந்த பரசூட்டைக் கழற்றிப் போத்தலுக்குக் கட்டினார்கள்.

முதல் தடவை விட்டபோது அடைப்பு "டப்" என்ற பெரிய சத்தத்துடன் கழன்றது. போத்தல் வேப்பமரத்துக்கு மேலே போய்விட்டது. பிள்ளைகள் கத்திக் கைதட்டினார்கள். அப்போதுதான் மதிலுக்கு அந்தப்பக்கம் வயதான அம்மா ஒருவர் வளவுக்குள் வந்து நிற்பதைக் கண்டேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன பிள்ளை, திரும்பத் துவங்கிட்டுதோ?"

போத்தல், தண்ணீர், பிள்ளைகளின் விளையாட்டு என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். முன்கூட்டியே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். எனக்குத் தோன்றாதது என் பிழை. அடுத்த கிழமை முதல் இரண்டு மாணவிகள் மதிலைச் சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய் நேரத்தைச் சொல்லிவிட்டு வந்த பின்பே பம்பைத் தொட்டோம். மூன்றாவது பறப்புக்கு அந்த அம்மா கதிரையொன்றைக் கொண்டுவந்து மதிலோரம் போட்டு இருந்தார். பரசூட் விரிந்ததும், "அது என்ன, குடையோ?" என்று கேட்டார்.

பறப்புகளை ஒரு கொப்பியில் பதிந்தோம். 40 மீற்றர் தள்ளி நின்று பாகைமானியால் கோணம் பார்ப்பாள் ஒருத்தி. 45 பாகை என்றால் உயரமும் 40 மீற்றர். நாலாவது பறப்பு அதைத் தொட்டது. ஐந்தாவதில் பரசூட் விரியவில்லை. ஒரு செட்டை முறிந்தது. அந்தக் கொப்பி இப்போது என் இடத்துக்கு வந்த ஆசிரியையிடம் இருக்கிறது. ஆறாவது பறப்புக்கு நேராகக் கோணம் எழுதப்படவில்லை. அன்று பாகைமானியை வைத்திருந்தவளும் எங்களோடு சேர்ந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.