இரண்டாவது மாண்டலின்

திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழைத் தாமே உடைக்க ஓங்கும் இடம் பெரியபுராணத்தில் உண்டு. ஞானசம்பந்தரின் பதிகங்களை யாழிலிட்டு வாசித்து வந்தவர் அவர். தருமபுரத்தில் அவருடைய உறவினர்கள், பாணர் வாசிப்பதனாலேயே பதிகங்களின் புகழ் பரவுகிறது என்று பேசிவிடுகிறார்கள். மனம் நொந்த பாணர், யாழில் அடங்காத இசையில் ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரையே வேண்டுகிறார். அவர் பாடுகிறார், யாழ் பின்தொடர முடியாமல் தோற்கிறது. யாழ்முறி என்று அப்பதிகத்துக்குப் பெயர் நிலைத்தது. கருவியை உடைக்கப்போன கையைத் தடுத்தவரும் சம்பந்தரே.

இதை அருட்செயலாகப் படிப்பவர்கள் அவ்வாறே படிக்கட்டும். எனக்கு இதில் கருவியைப் பற்றிய செய்தி ஒன்றும் தெரிகிறது. யாழில் நரம்புக்கு ஒரு சுரம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வளைந்தும் இழைந்தும் செல்ல மிடற்றால் முடியும். தனித்தனியே கட்டிய நரம்புகளுக்கு அது அரிது. கமகம் என்று இசைவாணர்கள் சொல்வது இந்த வளைவைத்தான். வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு கருவியையும் நம் இசை இந்த உரைகல்லில்தான் தேய்த்துப் பார்த்திருக்கிறது. ஹார்மோனியம் அதில் தோற்றது; 1940இல் அதை விலக்கிவைத்த அகில இந்திய வானொலி 1971இல்தான் தடையைத் தளர்த்தியது. வயலின் வென்றது. கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜனும், சாக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத்தும் வெல்லவைத்தார்கள்.

மாண்டலின் இந்த வரிசையில் வந்து நின்றபோது அதன்மேல் நம்பிக்கை வைக்கக் காரணமே இல்லை. இத்தாலிய மாண்டலினில் நான்கு இணைக் கம்பிகள். மீட்டிய ஒலி நொடியில் மங்கிவிடும். அதனால்தான் அதை வாசிப்பவர்கள் கம்பியை ஓயாமல் மேலும் கீழும் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இணைக் கம்பியை அழுத்தி இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் வளையாமல் சுருதி பிசகும். சுருக்கமாகச் சொன்னால், யாழுக்கு நேர்ந்த இடர் இதற்கு இரட்டிப்பாக நேர்ந்தது.

ஆந்திரத்துப் பாலகொல்லில் 1969இல் பிறந்த உப்பலப்பு ஸ்ரீநிவாஸ், தந்தை சத்தியநாராயணாவின் மாண்டலினைச் சிறுவயதிலேயே கையில் எடுத்தார். தந்தை கிளாரினெட் வாசித்தவர். குருவாக வாய்த்த ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர். மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். அவர் பாடுவார், சிறுவன் அதைக் கம்பியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இது பெரும் நற்பேறு என்பேன். மாண்டலின் தெரிந்த ஆசிரியர் கிடைத்திருந்தால், மாண்டலினால் எது முடியாது என்பதையும் அவர் சேர்த்தே கற்றுக்கொடுத்திருப்பார்.

1978இல் குடிவாடாவில் தியாகராஜர் விழாவில் முதல் கச்சேரி. 1981 டிசம்பரில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் சென்னை அறிமுகம். 1983இல் பெர்லின் ஜாஸ் விழா. அப்போது வயது பதினான்கு. இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதை விரிக்க வேண்டியதில்லை. விரிக்க வேண்டியது அவர் கருவியில் செய்த மாற்றத்தை. நான்கு இணைக் கம்பிகளை நீக்கி ஐந்து ஒற்றைக் கம்பிகளை அமைத்துக்கொண்டார், மின்மாண்டலினை எடுத்துக்கொண்டார். மின்கருவியில் கம்பியின் அதிர்வு மின்னலையாக மாறி ஒலிபெருக்கிக்குப் போகிறது. அதனால், மரப்பெட்டியில் செத்துப்போகும் அந்த வால்பகுதி ஒலி காதுக்கு எட்டுகிறது. வலக்கை ஒருமுறை மீட்டினால் போதும். அந்த ஒலி அடங்குவதற்குள் இடக்கை விரல் வழுக்கிச் சென்று நான்கைந்து சுரங்களைத் தொட்டுவிடலாம். மின்சாரம் இங்கே ஆரவாரத்துக்கு வரவில்லை. மூச்சைக் கடன் கொடுக்க வந்தது.

நிற்க. கல்லங்குறிச்சிக்காரனான எனக்குக் கருவியின் உருவம் பற்றிய சண்டைகளில் ஆர்வம் இருந்ததில்லை. எங்கள் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் கம்பம்தான் மூலவர். தொண்ணூறுகளில், நான் பள்ளி மாணவனாக இருந்தபோது, கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் நாகசுர ஒலிநாடா தேய்ந்த பிறகு மாண்டலின் ஒலிநாடாதான் சுழலும். அது மேல்நாட்டுக் கருவியா உள்நாட்டுக் கருவியா என்று பந்தியில் யாரும் கேட்டதில்லை.

ஆனால் கச்சேரி உலகில் அந்தக் கேள்வி இருந்தது. அதற்கு ஸ்ரீநிவாஸின் மேதைமை விடையாகிவிடவில்லை என்பதே நான் சொல்ல வருவது. மேதைமையை அற்புதம் என்று ஒதுக்கிவைத்துவிடலாம். தெய்வக் குழந்தை, பூர்வஜன்ம வாசனை என்று கைகூப்பிவிட்டு, கருவியை வாசலிலேயே நிறுத்திவிடலாம். ஒரு கருவி மரபுக்குள் வந்துவிட்டதா என்பது இரண்டாவது ஆளைப் பார்த்துத்தான் தெரியும். ஸ்ரீநிவாஸுக்கு அந்த இரண்டாவது ஆள் தம்பி யு. ராஜேஷ்.

வயலினின் வரலாற்றிலும் ஒரு தம்பி இருக்கிறார். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அக்கருவியில் தேர்ந்தார். சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். பாலுசாமியோடு வயலின் நின்றிருந்தால் அது ஒரு குடும்பத்தின் விநோதமாகவே முடிந்திருக்கும்.

அண்ணனிடம் கற்ற ராஜேஷ், அண்ணனுக்குப் பக்கத்தில் அமர்ந்து உலகெங்கும் வாசித்தார். இரண்டு மின்மாண்டலின்கள் சேர்ந்து ஒலிக்கும் பதிவுகளைக் கேட்கும்போது முதலில் நாம் வியப்பது வேகத்தை. வேகம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இரட்டையர் எவரும் பயிற்சியால் எட்டக்கூடியது அது. நான் காத்திருப்பது ஆலாபனைக்கு. அண்ணன் ஒரு பிடியை வாசித்து நிறுத்த, தம்பி அதே பிடியை எடுக்கும்போது அந்த வழுக்கலும் அசைவும் மீண்டும் வருகின்றன. அப்போது அது ஒருவரின் விரலுக்கு மட்டும் வாய்த்த வரமாக இல்லாமல், கற்பிக்கத்தக்க முறையாகிவிடுகிறது. கல்பனை சுரங்களில் இருவரும் மாறிமாறி வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டால் யார் விட்டார், யார் தொட்டார் என்று என்னால் பல நேரம் பிரிக்க முடிவதில்லை. தம்பிக்குத் தனிக்குரல் இல்லை என்று இதைக் குறையாகச் சொல்லும் ரசிகர்கள் உண்டு. பாணி என்ற ஒன்று பிறக்கும் தருணம் எப்போதும் அப்படித்தான் கேட்கும்.

மேற்கத்திய மின்னிசைக்காரர்கள் இதே முடிச்சை மறுமுனையிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் மின்கிட்டாரால் அதிரவைத்த ஜான் மெக்லாக்லின், எழுபதுகளின் நடுவில் சக்தி குழுவுக்காக மின்சாரத்தைத் துறந்து, மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் சீவிய கிட்டாரை எடுத்தார். கம்பியை ஆழ அழுத்திக் கமகம் பிடிப்பதற்காக. கனடாவின் மைக்கேல் புரூக், மீட்டிய சுரம் மங்காமல் நீண்டுகொண்டே இருக்கும் 'முடிவிலிக் கிட்டாரை' உருவாக்கினார். யூ2 குழுவின் எட்ஜ் 1987இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற பாடலில் அதைத்தான் வாசித்தார். அந்தப் புரூக்கும் ஸ்ரீநிவாஸும் சேர்ந்து 1995இல் பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் வழியாக 'டிரீம்' இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். ஒலி செத்துப்போவதை ஏற்காத இருவர் சந்தித்ததில் வியப்பில்லை. ஆனாலும் அதைவிட, அதற்கு முந்தைய ஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட 'ராம ஸ்ரீராம' என்ற மரபிசைத் தொகுப்பே என் அளவில் உயர்ந்தது. மின்னணு மேகங்களுக்கு நடுவே மாண்டலின் அழகாக மிதக்கிறது. ராகத்துக்குள் இருக்கும்போதோ அது நடக்கிறது.

பின்னர் மெக்லாக்லினும் ஜாகிர் உசேனும் புதுப்பித்த 'ரிமெம்பர் சக்தி'யில் ஸ்ரீநிவாஸ் இடம்பெற்றார். 2007இல் சென்னையில் மெக்லாக்லின் பதிவுசெய்த 'ஃப்ளோட்டிங் பாயின்ட்' தொகுப்பில் ராஜேஷ் வாசித்தார். 2008இல் வெளியான அது கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஒரே கிட்டார் கலைஞருடன் அண்ணன் ஒரு குழுவிலும் தம்பி வேறொரு தொகுப்பிலும். ராஜேஷை நிழல் என்பவர்கள் இத்தொகுப்பைக் கேட்கலாம்.

2014 செப்டம்பர் 19 அன்று, கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் ஸ்ரீநிவாஸ் சென்னையில் காலமானார். வயது நாற்பத்தைந்து. அன்று எழுதப்பட்ட அஞ்சலிகளில் மாண்டலினே மறைந்துவிட்டது என்ற தொனி இருந்தது. துயரத்தில் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அது அவர் உழைப்புக்குச் செய்யும் நியாயமாகாது. அவர் சிறுவயதிலிருந்து செய்ததெல்லாம் அந்தக் கருவி ஒருவரோடு மறையாதிருக்கத்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. சக்தி குழு மீண்டும் கூடி 2023இல் வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' 2024இல் கிராமி வென்றபோது, ஸ்ரீநிவாஸ் இருந்த இடத்தில் வயலின் இருந்தது; கணேஷ்–குமரேஷ் சகோதரர்களில் மூத்தவரான கணேஷ் ராஜகோபாலன் வாசித்தார். எழுபதுகளின் முதல் சக்தியிலும் அந்த இடத்தில் எல். சங்கரின் வயலின்தான் இருந்தது. இருநூறு ஆண்டுகள் மூத்த கருவிக்கு ஆள் கிடைப்பது எளிது. மாண்டலினுக்கு இன்னும் அந்த வசதி இல்லை. அண்ணனுக்குப் பிறகும் ராஜேஷ் மேடையேறினார், கச்சேரிகளிலும் கலப்பிசையிலும் வாசித்தார். இருவர் பகிர்ந்துகொண்ட ஆலாபனையை இப்போது முழுவதுமாகத் தாமே வாசிக்க வேண்டியிருந்தது.