சிசிலியா பெய்ன்-கபோஷ்கின்

சிசிலியா பெய்ன்-கபோஷ்கின் (மே 10, 1900 – டிசம்பர் 7, 1979) இங்கிலாந்தில் பிறந்த அமெரிக்க வானியலாளர் ஆவார். விண்மீன்கள் பெரும்பாலும் ஐதரசனால் ஆனவை என்பதைத் தமது முனைவர் பட்ட ஆய்வின்போதே கண்டவர்.

கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் பயின்றபோது, 1919 சூரிய கிரகண ஆய்வு குறித்து எடிங்டன் ஆற்றிய உரையைக் கேட்டு வானியலில் ஈடுபாடு கொண்டார். படிப்பை முடித்தும் பட்டம் கிடைக்கவில்லை. அப்பல்கலைக்கழகம் 1948 வரை பெண்களுக்குப் பட்டம் வழங்கியதில்லை. 1923இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்ட் வான்காணகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார்.

ஆய்வேடு

அங்குத் திரட்டப்பட்டிருந்த விண்மீன் நிறமாலைகளை, இந்திய இயற்பியலாளர் மேகநாத சாகாவின் அயனாக்கச் சமன்பாட்டைக் கொண்டு பெய்ன் ஆராய்ந்தார். நிறமாலைகள் வேறுபடுவதற்கு முதன்மைக் காரணம் வெப்பநிலையே என்பது தெளிவாயிற்று. சிலிக்கன், கார்பன் போன்றவற்றின் விகிதம் புவியில் உள்ளதை ஒத்திருந்தது. ஐதரசனோ ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கு மிகுந்திருந்தது. சூரியனும் புவியும் ஒரே கலவையால் ஆனவை என்பதே அக்காலக் கருத்து. எனவே புகழ்பெற்ற வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரசல் இம்முடிவை ஏற்கவில்லை. அவரது அறிவுரைப்படி, இம்மதிப்பு பெரும்பாலும் உண்மையன்று என்று 1925 ஆய்வேட்டில் பெய்ன் எழுத நேர்ந்தது. 1929இல் ரசல் வேறு வழியில் அதே முடிவை அடைந்தார். பெய்னின் பணியையும் அக்கட்டுரையில் குறிப்பிட்டார். ஆயினும் பெருமை நெடுங்காலம் ரசலுக்கே சென்றது. 1976இல் பெய்ன் பெற்ற அமெரிக்க வானியல் கழகப் பரிசும் ரசலின் பெயரால் அமைந்ததே.

கற்பித்தல்

ஹார்வர்டில் இவர் நடத்திய பாடங்கள் 1945 வரை பாடப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1956இல் பேராசிரியராகி, வானியல் துறைத் தலைவராகவும் பொறுப்பேற்றார். புவிக்கு அப்பாலுள்ள அறிவுயிர்களைத் தேடிய பிராங்க் டிரேக் இவரது மாணவர்.