கணக்குக்கு ஒரு சபாஷ்

அமெரிக்காவில் ஆண்டு நிதி அறிக்கையை ஒழுங்கா எழுதுற நகராட்சிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் 1945லேயே வந்துடுச்சுங்க. நகராட்சி நிதி அதிகாரிகளின் சங்கம் ஆரம்பிச்சு வெச்சது. ஆனா அது பணக்கணக்கு மட்டும்தான். எவ்வளவு செலவாச்சுன்னு தெரியும். தெரு சுத்தமாச்சான்னு தெரியாது.

1990களின் தொடக்கத்தில் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரத் தணிக்கை அலுவலகம் அதையும் எழுத ஆரம்பிச்சது. தெரு சுத்தமா இருக்கா, ராத்திரி பயமில்லாம நடக்க முடியுதான்னு மக்களையே கேட்டு, மற்ற நகரங்களோட ஒப்பிட்டு, வருஷா வருஷம் வெளியிட்டாங்க. 2000களில் இந்த மாதிரி அறிக்கைகளுக்கும் அரசுக் கணக்காளர் சங்கம் சான்றிதழ் கொடுத்தது.

எனக்குப் பிடிச்ச விஷயம் இதுதான்: பாராட்டு சாதிச்சதுக்கு இல்லை, மறைக்காம சொன்னதுக்கு. ஃபெயில் மார்க்கை ஒளிக்காம அப்பாகிட்ட நீட்டுற பிள்ளைக்கும் ஒரு சபாஷ் போடணும்தானே? :-)