வாயடைத்துப்போன வானொலிப் பெட்டிகள்

வானொலியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பேசியவர்களைப் பற்றியே எழுதினர். நிலையங்களை நிறுவியோர், நாடகம் படைத்தோர், செய்தி வாசித்தோர் எனப் பட்டியல் நீளும். கேட்டவர்களின் கதையை எழுதியோர் சிலரே. கேட்பவர் இன்றேல் ஒலிபரப்பு ஏது? 2015-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிரிட்டனில் நிகழ்ந்த ஒரு மாற்றம், கேட்பவரின் பக்கம் நின்று அவ்வரலாற்றை நோக்கும்படி நம்மைத் தூண்டுகிறது.

அத்திங்களில், பி.பி.சி. நிகழ்ச்சிகளை இணையத்தின் வழியாகக் கேட்டு வந்த இல்லங்கள் பலவற்றில் வானொலிப் பெட்டிகள் ஊமையாயின. பெட்டியில் பழுதில்லை; மின்சாரம் இருந்தது; இணைய இணைப்பும் இருந்தது. நிகழ்ச்சிகளும் நிற்கவில்லை. 1951-ஆம் ஆண்டு முதல் பிரிட்டன் முழுவதும் ஒலித்துவரும் 'தி ஆர்ச்சர்ஸ்' என்னும் உழவர் குடும்பத் தொடர் நாடகம் அப்போதும் வழக்கம்போல் ஒலித்தது. மாறியது ஒன்றே ஒன்றுதான். ஒலியைப் பொதிந்து அனுப்பும் வடிவம் மாறிவிட்டது.

இதன் பொருளை நன்கு உணர, 36 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். மத்திய அலைகளையும் நெட்டலைகளையும் நாடுகள் தம்முள் பங்கிட்டுக்கொள்ள 1975-இல் ஜெனீவாவில் ஓர் உடன்பாடு உருவாயிற்று. அது 1978 நவம்பர் 23-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்று பி.பி.சி. தன் நான்கு வானொலிகளையும் ஒரே நாளில் இடம் மாற்றியது. மத்திய அலையில் இருந்த ரேடியோ 4, 1500 மீட்டர் நெட்டலைக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த ரேடியோ 2 மத்திய அலைக்கு வந்தது. ரேடியோ 4-இல் இடம்பெற்ற 'தி ஆர்ச்சர்ஸ்' நாடகமும் அதனுடன் சென்றது.

அந்த மாற்றமும் நேயர்களுக்குத் தொல்லை தந்ததே. நெட்டலை வசதி இல்லாத சிறு பெட்டிகளை வைத்திருந்தோர் இடர்ப்பட்டனர். ஆனால் மற்றையோர்க்கு வேண்டியது யாது? பெட்டியின் குமிழைத் திருப்பி, முள்ளைப் புதிய இடத்தில் நிறுத்த வேண்டும், அவ்வளவே. பெட்டியைச் செய்தவரிடம் அனுமதி கேட்கவேண்டியதில்லை. பாட்டனார் வாங்கி வைத்த பெட்டியாயினும், அலை அதற்கு எட்டுமானால் அது பேசும். கேட்கும் உரிமை கேட்பவரின் விரல் நுனியிலேயே இருந்தது.

இணைய வானொலியின் இயல்பு இதனின் வேறானது. இங்கு ஒலி முதலில் எண்களாக மாற்றப்படுகிறது. அவ்வெண்களை அப்படியே அனுப்பினால் அளவு மிகுந்துவிடும். ஆதலின், மனிதச் செவிக்குப் புலப்படாத பகுதிகளைக் களைந்து, எஞ்சியவற்றைச் சுருக்கி அனுப்புகின்றனர். எந்த முறையில் சுருக்கப்பட்டதோ, அந்த முறையை அறிந்த கருவியே அதனை விரித்து மீண்டும் ஒலியாக்க இயலும். பூட்டுக்கேற்ற சாவி என்பது போல, வடிவத்துக்கேற்ற கருவி வேண்டும்.

1995-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து 'ரியல் ஆடியோ' என்னும் வடிவம் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வருணனை அதன் வழியாக நேரடியாக ஒலித்தது. 1999-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் 'விண்டோஸ் மீடியா' ஒலி வடிவத்துடன் போட்டிக்கு வந்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக் கழகத்தார் பெரும்பங்காற்றி உருவாக்கிய எம்பி3 வடிவமும் உலகெங்கும் பரவியது. பின்னர், கணினியின் துணையின்றியே இணைய வானொலியைக் கேட்க உதவும் தனிப் பெட்டிகள் கடைகளுக்கு வந்தன. அவை பார்வைக்குப் பழைய வானொலிப் பெட்டியை ஒத்திருந்தன; குமிழும் இருந்தது. ஆனால் அந்தக் குமிழுக்குள் அடங்காத ஒரு சாவி, அதைச் செய்தவரின் கையில் இருந்தது.

பி.பி.சி. செய்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. பல்வகை வடிவங்களுக்கெனத் தனித்தனி ஏற்பாடுகளை வைத்துக் காப்பது செலவு மிக்க வேலை. அதன் புதிய ஏற்பாடு, ஆப்பிள் நிறுவனம் 2009-இல் அறிமுகப்படுத்திய ஹெச்.எல்.எஸ். முறையைத் தழுவியது. இம்முறையில் ஒலி சில நொடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, சாதாரண இணையப் பக்கங்களைப் போலவே அனுப்பப்படுகிறது. இணைப்பின் வேகம் குறைந்தால் துண்டுகளின் தரம் குறையும். வேகம் கூடினால் தரமும் கூடும். கைப்பேசியில் கேட்போர் பெருகிவந்த காலத்துக்கு இது மிகப் பொருத்தமான முறை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், பழைய பெட்டிகள் பல இம்முறையை அறியா. அவற்றுக்காக நொடிக்கு 128 கிலோபிட் அளவில் எம்பி3 ஒலியோடை ஒன்றைப் பி.பி.சி. இடைக்கால ஏற்பாடாக வைத்திருந்தது. அதைப் பெறவும், பெட்டி செய்தவர்கள் தங்கள் நிலையப் பட்டியலைத் திருத்தித் தரவேண்டியிருந்தது. நேரடி ஒலிபரப்பு இவ்வாறு திரும்பிய பெட்டிகள் பலவற்றிலும், நடந்து முடிந்த நிகழ்ச்சியை மீண்டும் கேட்கும் வசதி திரும்பவில்லை. கண்டனங்கள் எழுந்தன. 2023-இல் அந்த எம்பி3 ஒலியோடையும் நிறுத்தப்பட்டது.

இங்கே நாம் ஊன்றி நோக்கத்தக்க முரண் ஒன்று உண்டு. எம்பி3 வடிவம் நெடுங்காலம் காப்புரிமைக்கு உட்பட்டிருந்தது. 1998-இல் ஃபிரான்ஹோஃபர் கழகத்தார் உரிமக் கட்டணம் கோரி மடல்கள் விடுத்தபோது, கட்டணமில்லாத மாற்று வடிவம் வேண்டுமென்று 'வோர்பிஸ்' உருவாக்கும் பணி முனைந்து நடைபெற்றது. அதன் முதல் முழுப் பதிப்பு 2002-இல் வெளிவந்தது. 2017-இல் எம்பி3 உரிமத் திட்டமும் முடிவுற்று, அவ்வடிவம் யாவர்க்கும் பொதுவாயிற்று. பொதுவான ஆறே ஆண்டுகளில் பி.பி.சி.யின் வாயிலில் அதற்கு இடமில்லாமற் போயிற்று! வடிவம் கட்டற்றதாய் இருப்பது மட்டும் நேயரைக் காத்துவிடாது என்பதை இது காட்டவில்லையா?

தமிழர்க்கும் இச்செய்தி அயலன்று. 1941-ஆம் ஆண்டு மே திங்களில் தொடங்கிய பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பு, 'தமிழோசை' என்னும் பெயரால் கடல் கடந்து வாழ்ந்த நம்மவரையும் அடைந்தது. அதன் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் நாளுடன் நின்றது. இணையத்தில் தமிழ்ச் செய்தி தொடர்ந்தது. எனினும், சிற்றலைப் பெட்டி ஒன்றையே நம்பியிருந்த நேயருக்கு அன்றிரவே ஒரு குரல் இல்லாமற் போயிற்று.

மாற்றம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அலை மாறும், வடிவம் மாறும், மாறாது நிற்பது எதுவுமில்லை. ஆனால் 1978-இல் மாற்றத்தைத் தொடர்ந்து செல்லும் ஆற்றல் பெரும்பாலான நேயரின் கையில் இருந்தது. 2015-இல் அது பிறர் கைக்குப் போயிருந்தது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே வானொலி அடைந்த வளர்ச்சி பெரிது. அவ்வளர்ச்சியினூடே நேயர் இழந்தது இன்னதென்பதையும் வரலாறு எழுதுவோர் குறித்து வைத்தல் வேண்டும். ஒரு நிலையம் எத்துணைத் தெளிவாகப் பேசுகிறது என்பதோடு, அதன் குரலை எத்தனை எளியவர் கேட்க முடிகிறது என்பதையும் கொண்டே அதனை அளக்கவேண்டும்.