நானோ குடிநீர் வடிகட்டி

மிக நுண்ணிய உலோகத் துகள்களைக் கொண்டு, மின்சாரமும் அடுப்பும் இல்லாமல் வீட்டிலேயே குடிநீரைத் தூய்மையாக்கும் விலை குறைந்த கருவி. மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு 1 நானோமீட்டர். வெள்ளியை 1 முதல் 100 நானோமீட்டர் அளவுக்குப் பொடித்தால் அதன் பரப்பு பன்மடங்கு பெருகும். அதனால் சிறிதளவு வெள்ளியே ஒரு வீட்டுக்குப் பல மாதங்கள் போதும்.

குடிநீரைத் தெளிவித்தல் வேறு, கிருமி நீக்கல் வேறு. முன்னதைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றினால், மண் திரண்டு அடியில் படியும். தேறிய மனத்துக்கு இந்நீரை உவமையாகச் சொல்லும் பாட்டு கலித்தொகையில் உண்டு. நீர்க்கலத்துக்கு வெள்ளியைத் தேர்ந்ததும் பழைய வழக்கமே. பாரசீக மன்னர் சைரஸ் படையெடுத்துச் செல்கையில், காய்ச்சிய நீர் வெள்ளிக் கலங்களில் உடன் சென்றதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதியுள்ளார். காரணம் தெரியப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆயிற்று. நீரில் மிகச் சிறிதளவே கரையும் உலோகமும் நுண்ணுயிர்களைக் கொல்வதை சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் நேகெலி ஆராய்ந்தார். அவரது ஆய்வு 1893இல் வெளிவந்தது. செம்புக் குடத்தில் இரவே நீர் பிடித்து வைக்கும் நம் வீட்டுப் பழக்கத்துக்கும் இதுவே அடிப்படை. வெள்ளி அயனிகள் கிருமியின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன.

இந்தியாவில் இது மலிவுப் பொருளானதற்கு உமிச்சாம்பலே காரணம். சிலிக்காவும் கரியும் நிறைந்த சாம்பல் அழுக்கைப் பிடித்துவைக்கும். புனேயிலுள்ள டாட்டா ஆய்வு மையம் இச்சாம்பலைக் கொண்டு ‘சுஜல்’ என்ற எளிய வடிகட்டியை உருவாக்கியிருந்தது. பின்னர் சாம்பலில் நானோவெள்ளியை ஏற்றி உருவான ‘டாட்டா ஸ்வச்’ 2009 டிசம்பர் 7 அன்று மும்பையில் அறிமுகமானது. அப்போது விலை 749 ரூபாயும் 999 ரூபாயும். உள்ளே பொருத்தும், ‘பல்பு’ எனப்பட்ட வடிகட்டும் பகுதி 299 ரூபாய். அது 3,000 லிட்டருக்கு வரும் என்றது நிறுவனம். லிட்டருக்குப் பத்துக் காசு! தெருமுனையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலோடு ஒப்பிட்டால் இது விலையே அன்று.

அறிவியல் அளவில் பெரிய பங்கு சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தது. உலோக நானோ துகள்கள் பூச்சிக்கொல்லிகளை நீரிலிருந்து நீக்கும் என்று தலப்பில் பிரதீப் குழுவினர் கண்டறிந்தனர். பாட்டில் தண்ணீரில் பூச்சிக்கொல்லி இருப்பதாக 2003இல் தில்லியில் எழுந்த பரபரப்பு இவ்வாய்வுக்கு வலுவூட்டியது. 2007இல் இதன் அடிப்படையிலான வடிகட்டி சந்தைக்கு வந்தது. 2013இல் அக்குழு, இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் அலுமினியச் சேர்மத்தையும் பின்னி, அந்த வலைக்குள் வெள்ளித் துகள்களைச் சிறைவைத்தது. நீரிலுள்ள உப்புகள் படிந்து வெள்ளி மழுங்கிப்போகும் பழைய சிக்கல் இதனால் தீர்ந்தது. நூறு கோடியில் 40 பங்கு அளவே வெள்ளி நீரில் இறங்கும். உலக சுகாதார அமைப்பு ஏற்பது 100 பங்கு. ஆகவே இது அந்த வரம்புக்குள்ளேயே அடங்கும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 2.5 டாலர் என மதிப்பிடப்பட்டது. ஆர்செனிக்கை நீக்கும் ‘அம்ரித்’ வடிகட்டியும் இதே வழியில் வந்தது. அதில் வெள்ளிக்குப் பதில் இரும்புச் சேர்மம். பிரதீப் 2020இல் பத்மஸ்ரீ பெற்றார்.

மும்பையின் தாராவி, செம்பூர்க் குடிசைப் பகுதிகளில் பைப்பில் சில மணி நேரமே வரும் நீரை டிரம்மில் சேமிக்கும்போது கிருமி புகுகிறது. அங்கே இக்கருவி பொருந்தும். மும்பைக்கு அருகிலுள்ள உல்லாஸ்நகரிலும் சேமித்த பைப் நீருக்கு உதவும். ஆனால் ஜீன்ஸ் பட்டறைகளின் சாயக்கழிவு நெடுங்காலம் கலந்த வால்துனி ஆற்றங்கரையில் போர் போட்டு எடுக்கும் நீரை இது குடிநீராக்காது. வெள்ளி கிருமியைக் கொல்லும். கரைந்த சாயத்தையும் உப்பையும் அகற்றாது.