பெயரிலேயே நீர் உள்ள நாய்: பூடில் வளர்க்க எண்ணுவோர்க்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு

'நீர்நாய்' என்னும் சொல் தமிழில் சங்க காலம் தொட்டே வேறொரு விலங்குக்கு உரியதாகிவிட்டது. இல்லையெனில் பூடிலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திராது. ஆங்கிலப் பெயர் 'பூடல்ஹுண்ட்' என்னும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். அதன் முன்பகுதி நீரை அலைத்துத் துழாவுதலைக் குறிக்கும் வினையோடு உறவுடையது. பிரெஞ்சுக்காரர் இதனைக் 'கனீஷ்' என்பர். அச்சொல்லின் அடியில் இருப்பது பெண் வாத்து. வேட்டையில் சுடப்பட்டு நீரில் வீழ்ந்த வாத்தை நீந்திச் சென்று கவ்வி வருவதே இந்நாயின் தொழிலாக இருந்தது என்பதை இரு பெயர்களும் வெவ்வேறு வழியில் உரைக்கின்றன.

அதன் சுருள்முடியும் அத்தொழிலுக்கு உரியதே. ('மயிர்' என்னும் பழஞ்சொல்லை இன்று தமிழும் மலையாளமும் ஒருசேர வசவாக்கிவிட்டதால் 'முடி' என்றே எழுதுகிறேன்.) நீந்துதற்கு எளிதாகப் பின்னுடலை மழித்து, குளிர் தாக்காதிருக்க மார்பிலும் மூட்டுகளிலும் முடியை விட்டுவைத்தனர் என்பது மரபான விளக்கம். பிற்காலத்தில் பிரெஞ்சு வரவேற்பறைகள் அதனை ஒப்பனையாக்கின. வேலை மறைந்தது, வெட்டு மட்டும் எஞ்சியது.

ஐரோப்பியச் சிந்தனை வரலாற்றிலும் இந்நாய்க்கு இடமுண்டு. கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் சாத்தான் ஃபவுஸ்டிடம் முதலில் வருவது கரிய பூடிலின் வடிவில். உபநிடதங்களை லத்தீன் மொழிபெயர்ப்பில் பயின்ற ஷோபன்ஹவர், தாம் அடுத்தடுத்து வளர்த்த பூடில்களுக்கு 'ஆத்மா' என்றே பெயரிட்டார். உடல்கள் மாறினும் பெயர் மாறவில்லை. மெய்யியலார் நகைச்சுவை அறியாதவர் என்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

திருவனந்தபுரத்தில் முதன்முறையாக நாய் வளர்க்க விழையும் நண்பர்கள் பலர் பூடிலை நாடுவது 'முடி கொட்டாது, ஒவ்வாமை தராது' என்னும் நம்பிக்கையால். முடி கொட்டாது என்பது பெருமளவு உண்மை; ஆனால் உதிர்ந்த முடி தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது என்பதே அதன் பொருள். ஒவ்வாமை பற்றிய கூற்றோ நிலைக்கவில்லை. ஒவ்வாமைப் புரதம் உமிழ்நீரிலும் தோற்செதிலிலும் உள்ளது. 2012இல் நெதர்லாந்தில் வெளியான ஓர் ஆய்வு, ஒவ்வாமை தராதவை எனப்படும் இனங்களின் முடியில் அப்புரதம் பிற இனங்களைவிடக் குறைவாக இல்லை என்று காட்டியது. பூடிலும் அவ்வினங்களுள் ஒன்று.

இரு பருவமழைகளும் நனைக்கும் இந்நகரில் முடி பற்றிய வினாவே முதன்மையானது. சிக்குண்ட முடியின் கீழ் ஈரம் தங்கித் தோல் புண்படும். தொங்கும் காதுகளுக்குள் அழற்சி தோன்றும். நாள்தோறும் தோல்வரை எட்டும்படி சீவுதல், நீராட்டியபின் அடிமுடிவரை உலர்த்துதல், நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை முடி வெட்டுதல் ஆகியவற்றுக்கு நேரமும் பணமும் இல்லாதவர் வேறு நாயைத் தேர்வதே நன்று. அலங்கார வெட்டு இங்குத் தேவையற்றது. உடல் முழுதும் ஒரே அளவாகக் குறுக வெட்டினால் போதும்.

பன்னாட்டு நாய்வளர்ப்புக் கூட்டமைப்பு ஏற்கும் உருவளவுகள் நான்கே. விற்பனையாளர் கூறும் 'டீகப்' அவற்றுள் இல்லை. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதை 2017ஆம் ஆண்டின் நடுவணரசு விதிகள் தடுக்கின்றன. சிற்றளவு வகைகளில் மரபுவழி விழித்திரைச் சிதைவும் முழங்காற்சில்லு விலகலும் காணப்படுவதால், தாய் தந்தை நாய்களின் பரிசோதனை விவரங்களைக் கேட்டுப் பெறவேண்டும். அடுக்ககத்தில் அடங்கிக் கிடக்கும் பொம்மை என்றும் எண்ணவேண்டா. வாத்தைத் தேடிச் சதுப்பில் அலைந்த அறிவு அதன் தலைக்குள் இன்னும் உள்ளது. நடையும் பயிற்சியும் இல்லையேல் அது குரைப்பாக வெளிப்படும்.

வெறிநோய்த் தடுப்பூசியோடு உரிமமும் வேண்டும். 2021இல் இந்நகரை அடுத்த அடிமலத்துறையில் புரூனோ என்னும் வளர்ப்பு நாய் கொல்லப்பட்டபோது, கேரள உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்குக்கு அந்நாயின் பெயரையே சூட்டியது. வளர்ப்பு விலங்குகளை உள்ளாட்சி அமைப்புகளில் பதிவுசெய்து உரிமம் பெறவேண்டும் என்னும் ஆணை பிறந்தது அவ்வழக்கில்தான்.