விழுந்த பல்லுக்குப் பாலா, இளநீரா?

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட வரலாறு. அடிபட்டு வேரோட விழுந்த பல்லை எதுல போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போறது?

விழுந்த பல்லைத் திரும்பப் பொருத்துறது புதுசு இல்லை. பிரான்ஸைச் சேர்ந்த பியர் ஃபோஷார் 1728-லயே தன் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனா, அப்படிப் பொருத்தின பல பற்களோட வேரை நம்ம உடம்பே கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுடும்.

1966-ல் கோபன்ஹேகனில் ஜென்ஸ் ஓவே ஆண்ட்ரியாசெனும் அவருடைய சக ஆய்வாளரும் அப்படிப் பொருத்திய 110 பற்களை ஆராய்ந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் பொருத்தியவற்றில் பத்துக்கு ஒன்பதில் வேர் அரிப்பே இல்லை. இரண்டு மணி நேரம் தாண்டியவை கிட்டத்தட்ட எல்லாமே அரிபட்டிருந்தன. வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வின் செல்கள் காய்ந்தால் செத்துடும். அதாவது, பல்லோட தலையெழுத்து கிளினிக்குக்கு முன்னாடி, விழுந்த மைதானத்துலயே பாதி முடிவாயிடுது.

அப்புறம்தான் 'எதுல போடுறது'ங்கிறது பெரிய கேள்வி ஆச்சு. வெறும் தண்ணியில் செல்கள் ஊதி வெடிச்சுடும். 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பாலைச் சோதிச்சு, நல்லா தாங்குதுன்னு காட்டினாங்க.

நம்ம பக்கம் வருவோம். 2008-ல் சென்னைப் பல் மருத்துவர் கோபிகிருஷ்ணாவின் குழு இளநீரைச் சோதிச்சது. பாலைவிட இளநீரில் அதிக செல்கள் உயிரோட இருந்ததுன்னு முடிவு வந்தது. பொள்ளாச்சி இளநீர் ரோட்டோரமெல்லாம் கிடைக்கிற கோயம்புத்தூருக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? நம்பணும்னு எனக்கும் ஆசைதாங்க.

ஆனா அடுத்த வருஷமே பிரேசில் ஆய்வு ஒண்ணு நேர்மாறா சொன்னது: பால்தான் முதலிடம். இளநீர் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. அதில் சோடா உப்பு சேர்த்த பிறகுதான் தேறுச்சு. 2020-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலிலும் பால் இருக்கு, இளநீர் இல்லை. நம்ம ஊர்ப் பொருள்ங்கிறதுக்காக செல்கள் சலுகை காட்டாது.

அதனால இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பால்பல்லுன்னா திரும்ப வைக்கக் கூடாது. நிரந்தரப் பல்லுன்னா வேரைத் தொடாம, மேல்பகுதியைப் பிடிச்சு எடுங்க. தேய்க்காதீங்க. மண்ணு இருந்தா பால்ல மெதுவா அலசி, அதே குழியில வெச்சு, கைக்குட்டையைக் கடிச்சுக்கச் சொல்லுங்க. முடியலையா? பக்கத்து பேக்கரிக்கு ஓடி, சூடு பண்ணாத பாலை ஒரு டம்ளர்ல வாங்கி, பல்லை அதுல போட்டு, உடனே பல் டாக்டர்கிட்ட போங்க.

இளநீரை அப்புறமா குடிச்சுக்கலாம்ங்க.